குலசை வரிசையில் ஒரு காளி

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு விஜயதசமி நாளில், நாங்கள் குலசை என்று சொல்லும் குலசேகரன்பட்டினத்தின் தசராக் கூட்டத்தின் நடுவில் நடந்தது இது. அன்று மத்தியானம் எனக்கு வந்த ஒரு போனையும், அதற்குப் பிறகு நடந்ததையும் நான் இன்னும் மறக்கவில்லை.

நான் தமிழாசிரியை. வீடு திருநெல்வேலி டவுணில். வேலை, தாமிரபரணிக் கரையோரம் உள்ள ஒரு கிராமத்துப் பள்ளியில். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. அதிலும் நாடகப் பாடம் நடத்தும்போது கோபம் மூக்கு நுனியிலேயே நிற்கும். காரணம் நோட்ஸ். எந்தக் கதாபாத்திரத்தைப் பற்றிக் கேட்டாலும் பிள்ளைகள் நோட்ஸில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பார்கள். அரசன் வீரமானவன். அரசி பொறுமையானவள். அமைச்சர் அறிவுடையவர். எந்த நாடகமாக இருந்தாலும் இதே மூன்று பதில்கள்தான்.

அந்த வருடம் பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு பழைய நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ராஜா, ராணி, போர் என்று போகும் செய்யுள் நாடகம். நோட்ஸைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பலகையில் மூன்று பத்தி போட்டேன். இந்த ஆள் என்ன சொல்கிறார், என்ன செய்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதைக் கடைசியாக நம்புங்கள், அவர் கை என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். யார் எந்தக் குணத்தைச் சொன்னாலும் விடமாட்டேன். "எதை வச்சுச் சொல்லுத?" என்று கேட்பேன். இதைக் கேட்டுக் கேட்டே பிள்ளைகள் எனக்கு 'எதை வச்சு டீச்சர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

அந்த வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஒரு நாள் அரசியைப் பற்றிக் கேட்டபோது எல்லாரும் வழக்கம்போல "பொறுமைசாலி" என்று கத்தினார்கள். அவள் மட்டும் எழுந்து, "அப்படித் தெரியல டீச்சர்" என்றாள்.

"எதை வச்சுச் சொல்லுத?"

"ராஜா மூணு தடவ, உம் முகம் ஏன் வாடியிருக்குன்னு கேக்காரு. மூணு தடவையும் அவ வேற பேச்சு பேசுதா. வீரர்கள்லாம் சாப்பிட்டாச்சா, குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேக்கா. தனக்குன்னு ஒண்ணும் கேக்கல. அது பொறுமை இல்ல டீச்சர். கேட்டா அடுத்தவங்களுக்குச் செரமம்னு நினைக்கா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபது வருடமாக அந்த மாதிரிக் காட்சிகளை நடத்துகிறேன், எந்தப் பிள்ளையும் இப்படிச் சொன்னதில்லை. அவள் பதிலை அப்படியே பலகையில் எழுதிக் கைதட்டச் சொன்னேன். அவள் வெட்கப்பட்டு உட்கார்ந்துகொண்டாள். அரசியை இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாளே, எப்படி என்று நான் யோசிக்கவில்லை. பாடம் நன்றாகப் போன சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

அவளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். பெரியவர்களுக்கு வருவதைப் போல மாத்திரையில் அடங்குவது இல்லை, தினமும் ஊசி போட்டே ஆக வேண்டும். வருடத் தொடக்கத்திலேயே அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்து எங்களிடம் விவரமாகச் சொல்லியிருந்தார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வேர்க்கும், கைகால் நடுங்கும், பேச்சுக் குழறும், கவனிக்காமல் விட்டால் நினைவு தப்பி உயிருக்கே ஆபத்து. அதனால் என் மேஜை டிராயரில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கும். ஒரே ஒரு தடவை வகுப்பில் அவளுக்கு அப்படி ஆகிச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறேன்.

குலசைத் தசராவைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருந்து, காப்புக் கட்டி, ஏதாவது ஒரு வேடம் போட்டு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை எடுப்பார்கள். குறவன், குறத்தி, போலீஸ், குரங்கு, ராஜா, பிச்சைக்காரர் என்று எந்த வேடமும் போடலாம். காளி வேடத்துக்கு மட்டும் விரதம் ரொம்பக் கடுமை. பத்தாம் நாள் எல்லா ஊர்க் குழுக்களும் மேளதாளத்தோடு குலசைக்கு வந்து, எடுத்த காணிக்கையை அம்மன் சந்நிதியில் போடும். அன்றைக்குக் குலசையில் வேடம் போடாத ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் அப்பா வருடா வருடம் காளி வேடம் கட்டுபவர். வாழைத்தார் ஏற்றும் வேலை. அந்த வருடம் லாரியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டார். நேர்ச்சை நின்றுபோகக் கூடாது, அப்பா கால் குணமாக வேண்டும் என்று இவள் மாலை போட்டுக்கொண்டாள். விடுமுறை விடுவதற்கு முன்னால் என்னிடம் வந்து சொன்னாள்.

"குறத்தி வேசம்தான் டீச்சர். அதுக்கு விரதம்லாம் அவ்வளவு இல்ல. வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கிடுவேன்."

நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா, அவள் அம்மா போனில் கவலைப்பட்டபோது, "அவ பொறுப்பான பிள்ளைம்மா, சொன்னாச் சொன்னபடி நடப்பா, நீங்க பயப்படாதீங்க" என்று சான்றிதழும் கொடுத்தேன். அந்த நேரத்தில் யாராவது என்னிடம் "எதை வச்சுச் சொல்லுதிய?" என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

என் கணவரின் சொந்தக்காரர்கள் குலசையில் வருடா வருடம் மோர்ப்பந்தல் போடுவார்கள். அன்று காலையிலிருந்து நானும் பந்தலில் நின்று மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானத்துக்கு மேல் என் போன் அடித்தது. மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. ஒரு வீட்டுச் சுவர் ஓரமாகப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். அந்தப் பெண்ணின் அம்மா.

"டீச்சர், நீங்க குலசையிலதான இருக்கிய? எம் பிள்ளையப் பாத்தியளா?"

பார்க்கவில்லை என்றேன். அவர் குரல் உடைந்துவிட்டது. காலையில் இருட்டோடு குழுவின் வேனில் கிளம்பியபோது மகளுக்கு இட்லியும் பிஸ்கட்டும் வைத்து டப்பா கொடுத்திருக்கிறார். இப்போது அடுக்களையில் எதையோ எடுக்கப் போனால் அரிசிப் பானைக்குப் பின்னால் அந்த டப்பா தொடாமல் இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்கூடப் பிரிக்கவில்லை. போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். குழுத் தலைவருக்கு அடித்தால் கிடைக்கவில்லை.

"காலைல வழக்கம்போல ஊசி போட்டுட்டா டீச்சர். நான்தான் பக்கத்துல நின்னேன். ஊசியப் போட்டுட்டு வெறும் வயித்தோட போயிருக்கா. இந்த மனுசன விட்டுட்டு நான் எப்படி அங்கன வர? எதாவது செய்ங்க டீச்சர்."

போன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் சிக்னல் இல்லை. காலையில் போட்ட ஊசி, மொட்டை வெயில், நடை, வெறும் வயிறு. அந்த அம்மா பள்ளியில் வந்து சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமலே நடந்தேன்.

குறத்தி வேடம் போட்டவர்களைத் தேடினேன். பாசிமணி, கூடை, முறம். ஒவ்வொரு முகமாகக் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு குறத்தி மீசையோடு சிரித்தார். இன்னொரு குறத்தி, "என்ன அக்கா, குறி பாக்கணுமா?" என்றார். மைக்கில் அறிவிக்கச் சொல்லலாம் என்று போனால் அங்கே ஏற்கெனவே காணாமல் போனவர்கள் பெயராகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெயரையும் சொன்னார்கள். நாலு திசையிலும் மேளம் முழங்கும் ஊரில் அதை யார் கேட்பது?

பந்தலுக்குத் திரும்பும் வழியில் என் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். "டீச்சர்!" என் வகுப்பு மாணவி. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருபவள். வகுப்பில் பெரிய வாயாடி. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்று ஊர்ச் செய்தி முழுக்க அவளிடம் இருக்கும். அதற்காக என்னிடம் எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவள். அத்தையோடு சாமி கும்பிட வந்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அப்படியொரு தெம்பு. விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"குறத்தி வேசத்துல உள்ளவங்களப் பூரா பாத்துட்டேன் மக்கா. காணும்" என்றேன்.

"குறத்தி வேசம்னு யாரு டீச்சர் சொன்னா?"

"அவதான்."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அவ சொன்னத வச்சுத் தேடுனா எப்படி டீச்சர்? அவ எனக்குக் காய்ச்சல் இல்லன்னு சொல்லுத அன்னைக்குத்தான் காய்ச்சல் அடிக்கும். அவங்க அப்பா நேந்துக்கிட்டது காளி வேசம். அப்பாவுக்காகப் போடுதவ எப்படிக் குறத்தி வேசம் போடுவா? காளின்னு சொன்னா நீங்களும் அவங்க அம்மாவும் விடமாட்டிய. அதான் மாத்திச் சொல்லியிருக்கா. வேசத்தக் குழு கொட்டகையில வச்சே கட்டிக் கலைச்சிருப்பா, வீட்டுக்குத் தெரிஞ்சிருக்காது."

என் மூன்று பத்திகளும் என் கண் முன்னால் வந்து நின்றன. வருடம் முழுக்கக் கத்திக் கத்தி நடத்தியவள் நான். பயம் வந்ததும் முதலில் மறந்ததும் நான்தான்.

"அப்ப எங்கன இருப்பா?"

"சாப்பாட்டுப் பந்தல் பக்கம் இருக்கமாட்டா. நிழல்லயும் உக்காரமாட்டா. அப்பா காணிக்கையப் போட்டுட்டுத்தான் பச்சத்தண்ணி குடிப்பேன்னு நினைச்சிருப்பா. கோயில் வரிசையிலதான் டீச்சர் நிப்பா."

அத்தையிடம் சொல்லிவிட்டு அவளும் என்னோடு ஓடி வந்தாள். ஓடினோம் என்று எழுதுகிறேன், அந்தக் கூட்டத்தில் ஓட முடியுமா? இடித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, வரிசையின் வாலைக் கண்டுபிடித்து அங்கிருந்து கோயில் பக்கமாக நடந்தோம். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் காளி. சிவப்புச் சேலை, சடைமுடி, கிரீடம், முகம் நிறையச் சாயம், முதுகில் கட்டிய மரக்கைகள். ஆண் யார், பெண் யார் என்றே தெரியவில்லை. இதில் எந்தக் காளி என் பிள்ளை? ஒவ்வொருவர் பெயரையும் கேட்கவா முடியும்? அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். ஒருவரும் திரும்பவில்லை.

வரிசையில் ஓரிடத்தில் கூட்டம் வட்டமாக விலகியிருந்தது. நடுவில் ஒரு காளி ஆடிக்கொண்டிருந்தது. அருள் வந்திருக்கிறது. சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வேப்பிலையை நீட்டினார். இரண்டு பெண்கள் கைக்குழந்தைகளைத் திருநீறு பூசச் சொல்லி நீட்டினார்கள். அங்கே வந்திருந்த மேளக்காரர்கள் அடியை வேகப்படுத்தினார்கள். நானும் கை குவித்தேன். "தாயே, எம் பிள்ளையக் கண்ணுல காட்டு" என்று வேண்டிக்கொண்டேன். கும்பிட்டுவிட்டுக் கடந்து நாலு எட்டு நடந்தும்விட்டேன்.

திரும்பிப் பார்த்தால் என் கூட வந்தவளைக் காணோம். அவள் அந்த வட்டத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் போய், "வாட்டி, நேரம் போவுது" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

"டீச்சர், அந்தச் சூலத்தப் பாருங்க."

பார்த்தேன். காளியின் சூலம் காளியின் கையில் இல்லை. பின்னாலிருந்த சுவரில், முனை மேலே இருக்கும்படி, யார் மேலும் விழாத மாதிரி மூலையில் ஒட்டிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அருள் வந்தவங்க சூலத்தக் கையவிட்டு விடுவாங்களா டீச்சர்? இவ ஆடுததுக்கு முந்தியே அத எடுத்து ஓரமா வச்சிருக்கா. பக்கத்துல சின்னப் பிள்ளைகள்லாம் நிக்குதுல்ல. அன்னைக்கு வகுப்புல அவளுக்கு மயக்கம் வந்துச்சே, அப்பவும் கை நடுங்க ஆரம்பிச்ச உடனே பேனாவ மூடி, மை என் சட்டைல படாம தள்ளி வச்சிட்டுத்தான் தலையச் சாச்சா. இது அவதான் டீச்சர்."

இப்போது பார்க்கிறேன், அது ஆட்டமே இல்லை. முழங்கால் மடங்குகிறது, நிமிர்கிறது. வேர்வை சாயத்தைக் கரைத்துக் கழுத்து வழியாக ஓடுகிறது. வாய் என்னவோ சொல்கிறது, அது வாக்கு இல்லை, குழறல். கை காற்றில் சுவரைத் தேடுகிறது. அதையெல்லாம் கொஞ்சம் முன்னால் நானும்தான் பார்த்தேன். பார்த்துக் கும்பிட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்தேன். "விடுங்க, அது எம் பிள்ளை, சர்க்கரை இறங்கிப்போச்சு, டாக்டரக் கூப்பிடுங்க" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. வட்டத்தின் ஓரத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் என் மார்பில் கை வைத்துத் தடுத்தார்.

"தொடாத தாயி. அம்மை இறங்கியிருக்கா. தீட்டுப் பட்டா தெய்வ குத்தம் ஆயிரும்."

பக்கத்தில் ஒரு அண்ணாச்சி, "யம்மா, பைய, பைய. சாமி மலையேறட்டும்" என்று என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. என்னைப் போலவே அவர்களும் எதையோ காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டிக் கத்துகிறேன். சாமி முன்னால் பிஸ்கட்டை ஆட்டும் ஒரு கிறுக்கியைப் பார்ப்பதுபோல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே அவள் முழங்கால் ஒரு தடவை தரையைத் தொட்டு எழுந்தது.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் ஓங்கிக் கேட்டது. வாயாடிதான். கையைத் தலைக்கு மேல் குவித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது.

"அம்மைக்குத் தாகம் எடுக்கு! பானக்காரம் கேக்கா! யாராவது பானக்காரம் கொண்டாங்க!"

கருப்பட்டியும் புளியும் கரைத்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டுச் சாமிக்குப் படைக்கிற பானகம்தான் எங்கள் பக்கத்துப் பானக்காரம். அவள் சொல்லி முடிக்கவில்லை, கூட்டம் முழுவதும் பறந்தது. என்னைத் தடுத்த அண்ணாச்சிதான் முதலில் ஓடினார். ஏதோ ஒரு பந்தலிலிருந்து ஒரு செம்பு வந்தது. என் மார்பில் கை வைத்த அந்த அம்மா மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். செம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "குடி தாயி, குடி" என்று அவள் வாயருகே கொண்டுபோனார்.

முதல் வாய் கழுத்தில் வழிந்துவிட்டது. விழுங்கமாட்டாளோ? இனி எல்லாம் முடிந்துவிட்டதோ? நான் யாரையும் கேட்காமல் போய் அவள் பின்கழுத்தைத் தாங்கிப் பிடித்தேன். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. "பைய மக்கா, பைய" என்று அவள் காதில் சொன்னேன். இரண்டாவது வாய் இறங்கியது. தொண்டை அசைந்ததை என் விரலில் உணர்ந்தேன். மூன்றாவது வாய்க்கு அவளே செம்பைப் பிடித்துக்கொண்டாள். முழுவதையும் குடித்தாள். இன்னொரு செம்பு வந்தது, அதிலும் பாதி குடித்தாள்.

அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. அவளைச் சுவரோரம் உட்கார வைத்து என் மேல் சாய்த்துக்கொண்டேன். அவள் கிரீடத்தின் தகரம் என் கன்னத்தில் குத்தியது. வாயாடி அவள் முதுகிலிருந்த மரக்கைகளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "ஏட்டி, என்னைத் தெரியுதா, ஏட்டி" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் சுற்றிலும் உட்கார்ந்து குலவை போட்டது. அந்தக் குலவைச் சத்தத்தின் நடுவில் அவள் கண் மெதுவாக ஓரிடத்தில் நின்றது. என் முகத்தில்.

"டீச்சர், நீங்க எப்ப வந்தீய? மத்தியானம் சாப்பிட்டியளா?" என்றாள்.

நான் வாய்விட்டு அழுதேன். அதற்கு முன்னால் எங்கேயும் நான் அப்படி அழுததில்லை. அந்த நிலைமையிலும் அவளுக்கு நான் சாப்பிட்டேனா என்பதுதான் கவலை.

பக்கத்தில் போட்டிருந்த மருத்துவ முகாமுக்கு நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, பானக்காரம் குடித்த பிறகே இவ்வளவு குறைவாக இருக்கிறதே, குடிக்காமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவளுடைய குழு நெரிசலில் பிரிந்து முன்னால் போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, கடைசி விள்ளல் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். எப்படியோ சிக்னல் கிடைத்து அவள் வீட்டுக்குப் பேசினோம். அப்பா போனை வாங்கி, "என் காலு போனாப் போவுது மக்கா, நீ வீட்டுக்கு வா" என்று அழுதார். அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகு, காணிக்கையைப் போடாமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். எனக்குத் தெரிந்து அவள் தனக்காக வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அதுதான். மறுக்க மனம் வரவில்லை. நானும் வாயாடியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். எங்களைத் தடுத்த அந்த அம்மா முன்னால் நடந்து, "வழி விடுங்க, அம்மை வாரா" என்று கூட்டத்தை விலக்கிக்கொடுத்தார். அவர் இன்றுவரை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

கோயிலிலிருந்து வெளியே வந்து, சாயம் கழுவ ஒரு குழாயடியில் உட்கார்ந்திருந்தபோது, அவள் யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் கேட்டாள்.

"டீச்சர், எனக்கு அருள் வந்துச்சா, இல்ல மயக்கம்தானா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பாதிச் சாயம் போயிருந்தது. அவளுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று தெரிந்தது. அப்பாவின் கால் குணமாக வேண்டும் என்று பட்டினி கிடந்த பிள்ளைக்கு அது வெறும் மயக்கம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆமாம் என்று சொன்னால் அடுத்த வருடமும் பட்டினி கிடப்பாளே என்ற பயம் இன்னொரு பக்கம்.

"எனக்குத் தெரியல மக்கா" என்றேன். "ஆனா அம்மை உன் வாய் வழியாத்தான் குடிச்சா. உன்னச் சாப்பிட வைக்கத்தான் அவ வந்திருப்பா. இனிமே அவளுக்கு அந்தச் செரமத்தைக் குடுக்காத."

அவள் தலையை ஆட்டினாள். வாயாடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் அப்பா மறுபடியும் காளி வேடம் கட்டுகிறார். நானும் ஒவ்வொரு வருடமும் பந்தலில் மோர் ஊற்றப் போகிறேன். சாமி ஆடும் இடத்தில் எல்லாரும் கை குவிக்கும்போது என் கை மட்டும் கொஞ்சம் தாமதிக்கிறது. உள்ளே நிற்பது யார் வீட்டுப் பிள்ளை, அது சாப்பிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கும்பிடுகிறேன்.